இருபது சொடுக்குத் தூரம்

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் ஓயாது. எல்லா உயிர்களும் பேசித் திரிந்த காலம்தான் அது. காளை வண்டிக்காரனோடு வழக்கடிக்கும். காக்கை கிணற்றடியில் ஊர்வம்பு அளக்கும். ஆனாலும் பல்லி பேசியதுபோல வேறெதுவும் பேசியதில்லை. விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் சுவரில் ஒட்டிக்கொண்டு எத்தனை கொசு போயிற்று, எத்தனை ஈ வந்தது என்று எண்ணும். எண்ணியதையெல்லாம் சொல்லும். கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் காலத்துப் படைகளில் தூரத்தைக் 'கூப்பிடு' கணக்கில் சொல்வார்கள். ஒருவன் நின்ற இடத்திலிருந்து உரக்கக் கூப்பிட்டால் அந்தக் குரல் எட்டுகிற இடம் வரைக்கும் ஒரு கூப்பிடு. அதற்கென்றே படையில் ஒரு குரல்காரனை வைத்திருப்பார்கள். தண்ணீர் எங்கே என்றால் மூன்று கூப்பிடு. பகைவன் எங்கே என்றால் ஏழு கூப்பிடு. அந்தக் கணக்கை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

தழும்பன் சந்தேகப்பட்டான். அவனுக்குக் காரணம் இருந்தது.

வெண்களர் என்ற உப்பு வெளியின் நடுவில் நொச்சிக்கோட்டை இருந்தது. பகைவர் அதை வளைத்துக்கொண்டார்கள். போன ஆண்டு அதை மீட்கப் போன படை இரண்டாகப் பிரிந்தது. கிழக்கிலிருந்து ஒரு பிரிவு, மேற்கிலிருந்து ஒரு பிரிவு. இரண்டும் பதினெட்டுக் கூப்பிடு தூரம் போய் நிற்க வேண்டும். உச்சிப்பொழுதில் காலடியில் நிழல் ஒடுங்கியதும் எழுந்து ஓடி ஒரே நேரத்தில் பாய வேண்டும். கிழக்குப் பிரிவின் குரல்காரனுக்கு வெண்கலத் தொண்டை. மேற்குப் பிரிவின் குரல்காரனுக்கு அன்றைக்குச் சளி. இவனுடைய பதினெட்டும் அவனுடைய பதினெட்டும் ஒன்றாக இல்லை. மேற்குப் பிரிவு தெரியாமல் வெகுதூரம் பின்னாலேயே நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்தான் பிந்தியிருந்தது. அதற்குள் கிழக்கில் நூற்று நாற்பது பேர் விழுந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் கோவன், தழும்பனின் அண்ணன்.

அண்ணனைத் தோளில் தூக்கி வந்தவன் தழும்பன்தான். யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒருவரும் தவறு செய்யவில்லை. ஒருவனுக்குச் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதுதான் அவனை இன்னும் அறுத்தது.

இந்த ஆண்டு கோட்டையிலிருந்து செய்தி வந்தது. உள்ளே ஒன்பது நாளைக்குத்தான் தானியம் இருக்கிறது. தளபதி வேங்கையன் கூடாரத்துக்கு வெளியே எல்லாரையும் உட்காரவைத்துத் திட்டத்தைச் சொன்னான். பழைய திட்டம்தான். கிழக்கே துணைத்தளபதி சேம்பன், மேற்கே தான். பதினெட்டுக் கூப்பிடு போய் நிற்பது, உச்சியில் எழுவது.

தழும்பன் எழுந்து நின்றான்.

"தலைவரே, கூப்பிடு வேண்டாம்."

"ஏன்?"

"எங்கள் அண்ணனைக் கொன்றதே அதுதான்."

வேங்கையன் களரைக் கைகாட்டினான். "சரி. வேறு எதை வைத்து அளப்பது? களரில் மரம் இல்லை, மேடு இல்லை. நூறடி தள்ளி எல்லாம் கானலாகக் கொதிக்கிறது. நீயே சொல்."

அப்போது கூடாரக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான் நேற்றிலிருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே! யார் கேட்டீர்கள்?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பல்லி. பெயர் கௌளி. நொச்சிக்கோட்டைச் சுவரில் பிறந்தவள். முற்றுகைக்கு முன்பு உப்பு வண்டிகளில் ஏறி இருபது தடவை அந்த வெளியைக் கடந்தவள்.

"வண்டிக்கு முன்னால் ஒருவன் நடப்பான். வேறென்ன வேலை எனக்கு? அவன் எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டே வருவேன். இந்தக் கரையிலிருந்து கோட்டைக்கு இருபதாயிரம் எட்டு. கிழக்குக் கரையிலிருந்தும் அதே இருபதாயிரம். அந்தப் பக்கத்து வண்டியில் என் தங்கை போய்வந்தாள். இரண்டு பேரும் பல தடவை ஒத்துப் பார்த்திருக்கிறோம். வேண்டுமானால் எட்டின் நீளத்தையும் சொல்கிறேன். சரியாக மூன்று சாண்."

"உன்னை நம்பி முந்நூறு பேரை நடத்தச் சொல்கிறாயா?" என்றான் வேங்கையன்.

"சளிபிடித்தவனை நம்பி நடத்தினீர்களே!"

யாரோ சிரித்தார்கள். வேங்கையனும் சிரித்துவிட்டான்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. மூன்று சாண் நீளத்தில் இரண்டு கோல் வெட்டினார்கள். ஒன்று சேம்பனுக்குப் போயிற்று. கௌளியின் தங்கையும் கூடவே போனாள். மற்றக் கோலை வைத்து இங்கே முப்பது பேரை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். முப்பதில் தழும்பனின் எட்டு மட்டும் கோலோடு பிசகாமல் பொருந்தியது. முன்னால் நடப்பவன் அவன்தான் என்று முடிவாயிற்று. அவனுடைய வேலின் உச்சியில், இரும்புக்குக் கீழே, கௌளி ஒட்டிக்கொள்வாள். ஆயிரம் எட்டு ஆகும்போதெல்லாம் குரல் கொடுப்பாள். பதினெட்டாவது குரலில் படை நிற்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல் வந்தது. வெளி முழுக்கப் பகைவர் ஆள்காட்டிக் குருவிகளை விட்டிருந்தார்கள். மனிதப் பேச்சோ பல்லிப் பேச்சோ, ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். அவை கத்திக்கொண்டே பறந்துபோய்ச் சொல்லிவிடும்.

தழும்பன் யோசித்துக்கொண்டே களரின் ஓரத்தில் நடந்தான். காலடியில் உப்புப் பாளம் வெயிலில் வெடித்துச் 'சொடுக்' என்றது. நின்றான். இன்னொன்று வெடித்தது. வெளி முழுக்கவே அந்தச் சத்தம், விரலைச் சொடுக்குவதுபோல.

"கௌளி, இந்தச் சத்தம் உனக்கு வருமா?"

கௌளி தலையைச் சாய்த்துக் கேட்டாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தாள். "ச்!"

"இன்னும் கொஞ்சம் உரக்க."

"ச்!"

"அதேதான்! ஆயிரம் எட்டுக்கு ஒரு சொடுக்கு. நடுவில் ஒரு பேச்சும் கூடாது."

கௌளி கொஞ்சம் பேசாமலிருந்தாள். அவளுக்கு அதுவே அதிசயம். "தம்பி, அரைநாள் வாய்மூடி இருக்க என்னால் ஆகாது. வாயைக் கட்டினாலும் வால் பேசும். ஒரே வழிதான் உண்டு. பேச்சை விழுங்கிவிட வேண்டும்."

"விழுங்கினால் திரும்ப வருமா?"

"என் அத்தை ஒருத்தி விழுங்கினாள். வரவில்லை."

"அப்படியானால் வேண்டாம். வேறு வழி பார்ப்போம்" என்றான்.

"எதற்குப் பார்க்க வேண்டும்? உள்ளே என் சுவர் இருக்கிறது. அதற்குள் அறுநூறு பேர் பசியோடு இருக்கிறார்கள். இத்தனை நாள் எவ்வளவோ பேசினேன். ஒருவராவது காது கொடுத்தீர்களா? நாளைக்கு நான் சொடுக்கினால் ஒரு படையே நடக்கப்போகிறது." கௌளி வாயைத் திறந்து அவனை ஒருமுறை பார்த்தாள். "நன்றாக நடடா" என்றாள். பிறகு தொண்டை ஏறி இறங்க எல்லாவற்றையும் விழுங்கினாள். அன்றிரவே குதிரையில் ஒருவன் போய்ச் சேம்பனிடமும் தங்கையிடமும் இந்த ஏற்பாட்டைச் சொன்னான்.

மறுநாள் சூரியன் எழும்போது படை களரில் இறங்கியது. முந்நூறு பேரும் வெள்ளைத் துணி போர்த்தி, உடம்பெல்லாம் உப்பு மண் பூசியிருந்தார்கள். வானத்தில் குருவிச் சத்தம் கேட்டால் அப்படியே விழுந்து கிடக்க வேண்டும். பேச்சே இல்லை. தழும்பன் இருபது அடி முன்னால் வேலை நிமிர்த்திப் பிடித்து நடந்தான். கோல் அவன் இடுப்பில் இருந்தது.

"ச்!"

முதல் சொடுக்கு. வேங்கையன் ஒரு விரலை மடக்கினான். பின்னால் முந்நூறு பேரும் ஒரு விரலை மடக்கினார்கள்.

தழும்பனுக்கு நெஞ்சு விரிந்தது. இந்த முறை பிசகாது என்று உறுதியாகத் தெரிந்தது. இரண்டு, மூன்று, ஏழு, பத்து. கானலில் ஏரிகள் தோன்றின, தென்னந்தோப்பு தோன்றியது, ஒருமுறை கோட்டைக் கதவே பக்கத்தில் தோன்றியது. பின்னால் வந்தவர்கள் முண்டினார்கள். தழும்பன் கண்ணை நம்பவில்லை, காதை மட்டும் நம்பினான். பதின்மூன்று.

பதின்மூன்று முடிந்து சில அடி வைத்ததும் இடது உள்ளங்காலில் எதுவோ ஏறியது. காளையின் லாடத்திலிருந்து கழன்று விழுந்து கிடந்த ஆணி. குனிந்து பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தான். யாரிடமும் காட்டவில்லை. ஆணிக்கெல்லாம் நிற்கிற உடம்பா இது? மேலெல்லாம் தழும்பு வாங்கித்தானே பெயரே வந்தது. தவிரவும், காட்டினால் கையிலிருக்கும் வேலைப் பிடுங்கிக்கொள்வார்கள். அண்ணனுக்காக இந்தப் படையை முன்னால் நடத்திப் போவது தானாகத்தான் இருக்க வேண்டும்.

பதினான்கு. பதினைந்து. கால் தீயாக எரிந்தது. பல்லைக் கடித்து நடந்தான். பதினாறு.

பதினாறாவது சொடுக்கு விழுந்த கையோடு மேலிருந்து சத்தம் மறுபடி வந்தது.

"ச்! ச்! ச்!"

தழும்பன் நின்றான். பின்னால் படை நின்றது. மூன்று சொடுக்கு எதற்கு? நிமிர்ந்து பார்த்தான். கௌளி தலைகீழாகத் திரும்பி அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். "ச்! ச்! ச்!"

முதலில் அவனுக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான். வெள்ளை உப்பில் அவன் தனியாக வைத்து வந்த இருபது அடிச் சுவடு தெளிவாகக் கிடந்தது. ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பாக இருந்தது. இடுப்பிலிருந்து கோலை எடுத்து இரண்டு சுவடுகளுக்கு நடுவே வைத்தான்.

கோல் ஒரு சாண் நீண்டு வெளியே கிடந்தது.

மூன்று சாண் வைத்து நடந்தவன் எப்போதிலிருந்தோ இரண்டு சாண்தான் வைத்திருக்கிறான். ஆணி ஏறிய பின் எண்ணிய மூன்று சொடுக்கு உண்மையில் இரண்டுதான். பதினாறு என்று நிற்கிற இந்த இடம் பதினைந்து. இப்படியே போனால் பதினெட்டு என்று நினைத்துப் பின்னாலேயே படுத்துக் கிடப்பார்கள். உச்சியில் எழுந்து ஓடினாலும் பிந்தித்தான் சேர்வார்கள். அதற்குள் கிழக்கே சேம்பனின் ஆட்கள் விழுந்து கிடப்பார்கள். போன ஆண்டு யார்மேலும் தவறில்லை. இந்த ஆண்டு தவறு தன்மேல்.

பேச முடியாது. வேங்கையனின் முன்னால் போய் நின்றான். காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினான். கோலைச் சுவடுகளுக்கு நடுவே வைத்துக் காட்டினான். பிறகு தளபதியின் கையைப் பிடித்து, மடக்கியிருந்த விரல்களில் ஒன்றைத் தானே நிமிர்த்திவிட்டான்.

வேங்கையனின் முகம் கறுத்தது. ஒரு கணம் அடிக்கத்தான் போகிறான் என்று தழும்பன் நினைத்தான். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தான். வேங்கையன் கையை நீட்டினான். வேலைக் கேட்டான்.

தழும்பன் வேலைக் கொடுத்தான். அதைவிடக் கனமான எதையும் அவன் வாழ்நாளில் கொடுத்ததில்லை.

வேங்கையன் இரண்டு அடி நடந்துபார்த்தான். பழகாத கால். எட்டு ஒன்று நீண்டது, ஒன்று குறுகியது. மேலே கௌளி தலையை ஆட்டி மறுத்தாள். தழும்பன் உடனே ஒரு வில்லின் நாணை அவிழ்த்தான். கோலை வைத்துச் சரியாக மூன்று சாண் வெட்டினான். மண்டியிட்டு, நாணின் ஒரு நுனியைத் தளபதியின் வலது கணுக்காலிலும் மற்ற நுனியை இடது கணுக்காலிலும் கட்டினான். நாண் விறைக்கிற வரைக்கும் எட்டு வைக்க வேண்டும். அதற்குமேல் வைக்க நாண் விடாது.

முந்நூறு பேருக்குத் தலைவன் கால்கட்டிய கழுதைபோல முன்னால் நடந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. எட்டு இம்மியும் மாறவில்லை. ஆயிரம் ஆனதும் கௌளி சொடுக்கினாள். பதினாறு.

தழும்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே தொடர்ந்தான். வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதியும் இருந்தது. கணக்கு சரியாகிவிட்டது.

பதினெட்டாவது சொடுக்கில் எல்லாரும் வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்திப் படுத்தார்கள். நிழல் இன்னும் ஒரு சாண் இருந்தது. வேல் தழும்பனுக்கும் தளபதிக்கும் நடுவே தரையில் கிடந்தது.

அப்போது ஆள்காட்டி வந்து இறங்கியது. நீண்ட மஞ்சள் காலால் உப்பில் தத்தித் தத்தி வேலின் பக்கத்தில் வந்தது. தழும்பனின் மூக்குக்கும் அதற்கும் ஒரு முழம்தான். அவன் காலிலிருந்து ரத்தம் துணியில் ஊறிக்கொண்டிருப்பதை உணர்ந்தான். வெள்ளைத் துணியில் சிவப்பு பூத்தால் முந்நூறு பேரும் முடிந்தார்கள். புண்பட்ட காலை மெதுவாகத் துணிக்கடியில் நகர்த்தி உப்புக்குள் புதைத்தான். மூச்சு விடவில்லை.

ஆள்காட்டி கௌளியைப் பார்த்துவிட்டது.

"அடடே, கோட்டைப் பல்லிதானே நீ? ஒரு ஈ பறந்தால் ஒன்பது ஊருக்குச் சொல்கிறவள் ஆயிற்றே! வெட்டவெளியில் தனியாக என்ன செய்கிறாய்?"

"ச்!" என்றாள் கௌளி.

"என்ன?"

"ச்!"

"உன்னைத்தான் கேட்கிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தார்களா?"

கௌளியின் தொண்டை ஏறி இறங்கியது. முந்தைய நாளாயிருந்தால் இந்தக் கேள்விக்கு அவள் பொழுது சாய்கிற வரைக்கும் பதில் சொல்லியிருப்பாள். "ச்!" என்றாள்.

அந்த நேரம் பார்த்து எங்கோ உப்புப் பாளம் ஒன்று வெடித்தது, அதே சத்தத்தோடு. ஆள்காட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. "வெயிலில் உப்பும் வெடிக்கிறது, பல்லிக்கு மூளையும் வெடிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோயிற்று.

நிழல் காலடியில் ஒடுங்கியது. வேங்கையன் நாணை அறுத்து எறிந்து எழுந்தான். முந்நூறு பேரும் எழுந்தார்கள். தழும்பன் கால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஓடினான். கானலைக் கிழித்துக்கொண்டு பகைவரின் பாசறை எதிரே வந்தது. சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைத் திறந்தபடி நிமிர்ந்தார்கள். அதே கணத்தில் பாசறையின் மறுபக்கத்திலிருந்தும் ஆரவாரம் எழுந்தது. சேம்பன்!

இரண்டு பக்கமும் ஒன்றாக இறுகியபோது பகைவர் எந்தப் பக்கம் திரும்புவதென்று அறியாமல் பானைகளையும் வேல்களையும் போட்டுவிட்டு ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் நொச்சிக்கோட்டையின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து எலும்பும் தோலுமாக மக்கள் வெளியே வந்தார்கள். பகைவர் அடுப்பில் விட்டுப்போன சோற்றையே அவர்களுக்குப் பரிமாறினார்கள். கிழக்குப் பிரிவில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தழும்பன் ஓடி ஓடி விசாரித்தான். நான்கு பேர் காயம். ஒருவரும் இறக்கவில்லை. அதைக் கேட்டபிறகுதான் அவன் தரையில் உட்கார்ந்தான்.

சேம்பன் தளபதியைத் தழுவிக்கொண்டான். "ஒரு மூச்சுகூடப் பிந்தாமல் வந்துவிட்டீர்களே! எங்கே பிசகுமோ என்று வழியெல்லாம் வயிற்றில் நெருப்பு."

"பிசகத்தான் செய்தது" என்றான் வேங்கையன். தழும்பனைக் கைகாட்டினான். "பதினாறாவது சொடுக்கில் இவன் வந்து, என் விரலை நிமிர்த்தி, தப்பு என்னுடையது என்று காட்டினான். காட்டாமல் இருந்திருந்தால் இப்போது நீ என்னிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டாய்." பிறகு வேலைத் தழும்பனிடம் நீட்டினான். "கால் ஆறட்டும். அடுத்த முறையும் முன்னால் நடப்பவன் நீதான். ஆணி ஏறினால் மட்டும் உடனே சொல்லித் தொலை."

தழும்பன் வேலை வாங்கிக்கொண்டு கௌளியைப் பார்த்தான். "வந்துவிட்டோம் அக்கா. இனிப் பேசலாம். ஏதாவது சொல்லேன்."

கௌளி வாயைத் திறந்தாள். தொண்டையை உருட்டினாள். வந்தது ஒரே ஒரு சத்தம்தான். "ச்!"

மறுபடி முயன்றாள். "ச்!"

அதற்குள் சுற்றியிருந்த வீரர்கள் அந்தச் சத்தம் கேட்டுச் சட்டென்று பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கையில் சோற்றுக் கவளத்தோடு ஒருவன் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். இன்னொருவன் தான் நின்ற தரையும் கானலோ என்று விரலால் தட்டிப் பார்த்தான். எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது. கௌளி ஒருமுறை எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள். வாலை உயர்த்தினாள். வேலிலிருந்து தாவித் தன் பழைய சுவரில் ஏறி, அரசிபோல ஒட்டிக்கொண்டாள். அங்கே அவளுடைய தங்கை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ச்!" என்றாள் தங்கை.

"ச்!" என்றாள் அக்கா. அவர்களுக்குள் அது போதுமாயிருந்தது.

அடுத்த போருக்குப் போகும்போது படையில் ஒருவரும் கூப்பிடு என்று சொல்லவில்லை. "கிணறு எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "ரெண்டு சொடுக்கு" என்றார்கள். பக்கத்து நாட்டுப் படைக்கு அந்தச் சொல் புரியவில்லை. புரியாதவரைக்கும் அதுவும் நல்லதாகவே இருந்தது. பிறகு அவர்களும் கேட்டுப் பழகினார்கள். ஒரு படையிலிருந்து இன்னொரு படைக்கும், ஒரு கடலைத் தாண்டி இன்னொரு கரைக்கும் போய்ப் போய், தூரம் மாறியது, நாக்கு மாறியது. சத்தம் மட்டும் மாறவில்லை.

பல்லி பேச்சை மறந்து ஒற்றைச் சொடுக்கோடு சுவரில் வாழ்வதும், அது சொடுக்கினால் நம் ஆட்கள் பேச்சை நிறுத்தித் தரையைத் தட்டுவதும், கடல் கடந்த நாட்டுப் பட்டாளத்துக்காரன், எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டர் என்னாமல் 'இத்தனை கிளிக்' என்று நாக்கைச் சொடுக்கிச் சொல்வதும் வெண்களரைக் கடந்த அந்த நாள் முதல்தான்.